நெருப்பின் ஆற்றலை அளந்தவர்

1845ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த இருபது வயது இளைஞர் ஒருவர், பாரிஸ் நகரின் புத்தகக் கடைகளில் ஒரு நூலைத் தேடி அலைந்தார். நெருப்பின் இயக்கு ஆற்றலைப் பற்றிய அச்சிறு நூல், இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் அச்சானது. ஆசிரியரின் பெயர் கார்னோ என்று சொன்னதும், கடைக்காரர்கள் சிலர் இப்போலித் கார்னோ எழுதிய சமூகவியல் நூலை எடுத்து நீட்டினர். நெருப்பைப் பற்றி எழுதிய கார்னோவை அவர்கள் அறியவில்லை. தேடிவந்த இளைஞர் வெறுங்கையுடன் திரும்பினார். அவர்தாம் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் போற்றிய இயற்பியல் அறிஞர். அவர் தேடிய நூலை எழுதிய சாடி கார்னோ இறந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

எரிபொருளை எரித்துப் பெறும் வெப்பம் முழுவதையும் இயந்திரத்தின் உழைப்பாக மாற்ற முடியுமா? முடியாதெனில், எவ்வளவு வீணாகும்? அந்த இழப்பு கொல்லனின் குறையா, இயற்கையின் நிபந்தனையா? இக்கேள்விகளுக்கு முதன்முதலில் முறையாக விடை தேடியவர் சாடி கார்னோ.

பாரசீகக் கவிஞரின் பெயர்

சாடி கார்னோ 1796ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பாரிசின் லக்சம்பர்க் அரண்மனையை ஒட்டிய மாளிகையில் பிறந்தார். தந்தை லசார் கார்னோ, அப்போது பிரான்சை ஆண்ட ஐவர் குழுவில் ஒருவர். புரட்சிக் காலத்தில் பதினான்கு படைகளைத் திரட்டி நாட்டைக் காத்தமையால் வெற்றியின் அமைப்பாளர் என்று மக்களால் அழைக்கப்பட்டவர். ஆட்சியாளராகவும் படைத்துறை வல்லுநராகவும் விளங்கிய அவர் கணித அறிஞருமாவார். 1783இல் அவர் எழுதிய இயந்திரவியல் நூல் ஒன்று, இயந்திரத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று மோதும்போதும் அதிரும்போதும் ஆற்றல் வீணாகிறது என்றும், இயக்கம் படிப்படியாகக் கைமாறினால் இழப்புக் குறையும் என்றும் விளக்கியது. தந்தையின் இந்தக் கருத்து பிற்காலத்தில் மகனின் நூலில் வேறொரு வடிவில் தலைகாட்டுவதைக் காணலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசீகக் கவிஞர் சாடியின் பாடல்களில் லசார் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். ஷிராஸ் நகரத்துக் கவிஞரின் பெயர், பாரிசில் பிறந்த குழந்தைக்கு வந்தது இவ்வாறுதான்.

சிறுவயதுச் சாடியைப் பற்றித் தம்பி இப்போலித் பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். லசார் போர் அமைச்சராக இருந்தபோது நான்கு வயது மகனையும் நெப்போலியனின் இல்லத்திற்கு அழைத்துச் செல்வதுண்டு. ஒருநாள் நெப்போலியனின் மனைவியும் தோழியரும் குளத்தில் படகோட்டிக் கொண்டிருந்தனர். கரையில் நின்ற நெப்போலியன் விளையாட்டாகக் கற்களை நீரில் எறிந்து அவர்கள் ஆடையை நனைத்தார். தடுக்க எவருக்கும் துணிவில்லை. சிறுவன் சாடி அவர்முன் போய் நின்று, அந்தப் பெண்களைத் துன்புறுத்துவதை நிறுத்துமாறு கடிந்துகொண்டான். ஐரோப்பாவையே நடுங்கவைத்த தளபதி வாய்விட்டுச் சிரித்தாராம். வளர்ந்தபின் கார்னோ மிகக் குறைவாகப் பேசுபவராக, தனிமையை விரும்புபவராக இருந்தார் என்பதை அறியும்போது இந்நிகழ்ச்சி சற்று வியப்பளிக்கிறது.

தந்தையிடமே தொடக்கக் கல்வி பயின்ற சாடி, 1812இல் தம் பதினாறாம் வயதில் பாரிசின் பலதொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். ஆம்பியர், பாய்சான் போன்ற பேரறிஞர்கள் அங்கே கற்பித்து வந்தனர். 1814இல் பகைநாட்டுப் படைகள் பாரிசை நெருங்கியபோது, மாணவர்களும் படைக்கலம் ஏந்தினர். வன்சேன் பகுதியில் நடந்த சண்டையில் சாடியும் பங்கேற்றார். பாரிஸ் வீழ்ந்தது, நெப்போலியன் முடிதுறந்தார். அவ்வாண்டே சாடி மெட்ஸ் நகரில் படைப் பொறியியல் கற்கச் சென்றார்.

அடுத்த ஆண்டு நெப்போலியன் மீண்டுவந்து நூறு நாள்கள் ஆண்டபோது லசார் உள்துறை அமைச்சரானார். அந்நாள்களில் மேலதிகாரிகள் பலர் மாணவர் சாடியை நாடிவந்து பணிவு காட்டினர். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதும் காட்சி மாறியது. லசார் நாடு கடத்தப்பட்டார். ஜெர்மானிய நகரமான மாக்டபர்க்கில் இறுதிக்காலத்தைக் கழித்தார். கார்னோ என்ற பெயரே இப்போது மகனின் பதவி உயர்வுக்குத் தடையாயிற்று. கோட்டைகளைப் பார்வையிடுவதும், வரைபடம் தீட்டுவதும், எவரும் படிக்காத அறிக்கைகளை எழுதி அனுப்புவதுமே இளம் பொறியாளரின் பணியாக இருந்தது. 1819இல் பாரிசின் படைத் தலைமை அலுவலர் பிரிவுக்கு மாறிய அவர், அரைச் சம்பளத்தில் நீண்ட விடுப்புப் பெற்றார். இந்த அரைச் சம்பள விடுப்புக்கு அறிவியல் உலகம் பெரிதும் கடன்பட்டுள்ளது. பல்கலைக்கழக வகுப்புகள், கலைத்தொழில் கூடத்தின் சொற்பொழிவுகள், ஆலைகள், பட்டறைகள் என்று அவர் கால்கள் ஓயாமல் நடந்தன. மாலையில் வயலின் வாசிப்பார்.

நீராவியும் நிலக்கரியும்

1821இல் சாடி மாக்டபர்க் சென்று தந்தையுடன் சில வாரங்கள் தங்கினார். அந்நகருக்கு நீராவி இயந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முதுமையிலும் இயந்திரங்களின்மீது ஆர்வம் குன்றாத லசாரும் மகனும் அதைப்பற்றிப் பேசியிருப்பர் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பாரிஸ் திரும்பியபின் சாடியின் கவனம் நீராவி இயந்திரத்தின்மீது குவிந்தது.

அதற்கு நாட்டுப்பற்றும் ஒரு காரணம். இங்கிலாந்தின் வலிமை அதன் கடற்படையில் மட்டுமன்று, அதன் நீராவி இயந்திரங்களிலும் இருப்பதை அவர் உணர்ந்தார். அந்நாட்டில் 1712இல் நியூகோமன் அமைத்த இயந்திரம் சுரங்கங்களில் ஊறிய நீரை இறைத்தது. நிலக்கரி தந்த வெப்பத்தின் நூறு பங்கில் ஒரு பங்கைக்கூட அது முழுமையாகப் பயன்படுத்தவில்லை. உருளைக்குள் நீராவியை நிரப்பி, அதே உருளையில் குளிர்ந்த நீரைத் தெளித்து ஆவியைச் சுருக்கி, மறுபடியும் அதே உருளையைச் சூடாக்க வேண்டியிருந்தமையே காரணம். ஜேம்ஸ் வாட் நீராவியைக் குளிர்விப்பதற்கெனத் தனிக் கலன் அமைத்து 1769இல் காப்புரிமை பெற்றார். நிலக்கரிச் செலவு பெரிதும் குறைந்தது. பின்னர்க் கார்ன்வால் சுரங்கப் பொறியாளர்கள் உயர் அழுத்த நீராவியைக் கையாண்டு மேலும் சிக்கனம் கண்டனர். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. கடல்வழியாக விலைக்கு வரவழைக்க வேண்டும். எனவே அங்கே ஒவ்வொரு கூடைக் கரிக்கும் கணக்கு இருந்தது.

ஆயினும் இம்முன்னேற்றங்கள் எல்லாம் கைப்பழக்கத்தாலும் பட்டறிவாலும் வந்தவை. இதற்கு மேல் எவ்வளவு முன்னேறலாம் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. நீருக்குப் பதில் சாராய ஆவியைப் பயன்படுத்தினால் கரி மிச்சமாகுமா? காற்றைச் சூடாக்கி ஓட்டினால் என்ன? ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். பொருள்தோறும் இயந்திரந்தோறும் தனித்தனியே சோதிப்பதைத் தவிர வழியில்லை என்று தோன்றிய நிலையில், கார்னோ எல்லா வெப்ப இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரே விதியைத் தேடினார்.

நூற்றுப் பதினெட்டுப் பக்கங்கள்

1823இல் லசார் மறைந்தார். தம்பி இப்போலித் பாரிஸ் திரும்பி அண்ணனுடன் வாழலானார். தாம் எழுதிவந்த நூலின் பகுதிகளைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது சாடியின் வழக்கம். தம்பி அறிவியல் பயின்றவர் அல்லர். அவருக்கு விளங்கினால் எவருக்கும் விளங்கும் என்பது சாடியின் கணக்கு. 1824 ஜூன் மாதம் 118 பக்கங்கள் கொண்ட அந்நூல் வெளிவந்தது. தம் சொந்தச் செலவில் 600 படிகள் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

நீர்ச்சக்கரத்தை அவர் ஓர் ஒப்புமையாகக் காட்டினார். அருவிநீர் உயரத்திலிருந்து பள்ளத்திற்கு விழும்போது சக்கரம் சுழல்கிறது. நீர் எவ்வளவு இருந்தாலும், விழுவதற்குப் பள்ளம் இல்லையேல் சக்கரம் அசையாது. வெப்பமும் அவ்வாறே என்றார் கார்னோ. கொதிகலனில் நெருப்பு இருந்தால் மட்டும் போதாது. வெப்பம் சென்று சேரக் குளிர்ந்த இடமும் வேண்டும். சூடான வெப்ப மூலத்திலிருந்து குளிர்ந்த வெப்ப ஏற்பிக்கு வெப்பம் இறங்கும் வழியில்தான் இயந்திரம் வேலை செய்கிறது. அந்நாள்வரை குளிர்விக்கும் கலனை இயந்திரத்தின் ஒரு துணைக்கருவியாகவே பலரும் எண்ணினர். அது நெருப்புக்கு இணையாக இன்றியமையாதது என்று காட்டியது கார்னோவின் நூல்.

ஏன் இன்றியமையாதது? உந்துதண்டு பொருத்திய உருளைக்குள் சிறிது காற்று அடைபட்டிருப்பதாகக் கொள்வோம். வெப்பத்தால் விரியும் காற்று உந்துதண்டைத் தள்ளி வேலை செய்கிறது. ஆனால் ஒருமுறை தள்ளியதோடு இயந்திரத்தின் பணி முடிந்துவிடாது. மீண்டும் தள்ள வேண்டுமெனில் விரிந்த காற்றைப் பழைய அளவுக்குச் சுருக்கியாக வேண்டும். சூடான நிலையிலேயே அதைச் சுருக்கினால், விரியும்போது பெற்ற வேலை முழுவதையும் திருப்பிக் கொடுக்க நேரும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. காற்று குளிர்ந்திருந்தால் அழுத்தம் குறைவு. குறைந்த உழைப்பிலேயே சுருக்கலாம். பெற்றதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாடே நமக்குக் கிடைக்கும் ஆதாயம். ஆனால் குளிர்ந்த நிலையில் சுருக்கும்போது காற்றிலிருந்து வெளிப்படும் வெப்பத்தை ஏதேனும் ஒரு குளிர்ந்த பொருள் வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு வெளியேறும் வெப்பமே தவிர்க்க முடியாத இழப்பு. உருளையை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும், எத்தனை எண்ணெய் இட்டாலும் அது இல்லாமற் போகாது.

இந்த விரிவையும் சுருக்கத்தையும் ஒரு சுழற்சியாக அமைத்து, இழப்பு மிகக் குறைவாக இருப்பதற்கான நிபந்தனையையும் அவர் கண்டார். வெப்பநிலை வேறுபட்ட இரு பொருள்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டால், வெப்பம் எந்த வேலையும் செய்யாமலேயே சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாய்ந்துவிடும். சக்கரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் வழிந்தோடும் அருவிநீர் போன்றது அது. எனவே, இயந்திரத்திற்குள் வெப்பநிலை மாறும் இடமெல்லாம் அம்மாற்றம் விரிவினாலோ சுருக்கத்தினாலோ நிகழவேண்டும். வெறும் தொடுகையால் நிகழக்கூடாது. மோதலைத் தவிர்க்கச் சொன்ன தந்தையின் அறிவுரை, மகனிடம் வெப்பநிலைத் தாவலைத் தவிர்க்கச் சொல்லும் விதியாக மலர்ந்தது.

இத்தகைய இயந்திரத்தைப் பின்னோக்கியும் ஓட்டலாம். அப்போது அது வேலையைச் செலவிட்டு, குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான இடத்திற்கு ஏற்றும். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் சூடாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்த மீள்தன்மையைக் கொண்டே கார்னோ தம் வாதத்தின் சிகரத்தை எட்டினார். தம்முடைய இயந்திரத்தைவிடச் சிறந்த ஒன்று இருப்பதாகக் கொண்டால், சிறந்ததை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இணைத்து ஓட்டலாம். வெப்பம் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். வேலை மட்டும் மிச்சமாகும். எரிபொருளே இல்லாமல் என்றென்றும் ஓடும் இயந்திரம் அல்லவா அது? அப்படி ஒன்று இருக்க முடியாது. ஆகவே, தரப்பட்ட இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே மீள் இயந்திரத்தை விஞ்சும் இயந்திரம் எதுவும் இல்லை. உருளைக்குள் இருப்பது நீராவியா, காற்றா, சாராய ஆவியா என்பது பொருட்டன்று. வெப்பநிலைகள் இரண்டுமே எல்லையை வகுக்கின்றன.

பிற்காலத்தார் வகுத்த தனி வெப்பநிலை அளவைக்கொண்டு இவ்வெல்லையை எளிதில் கணக்கிடலாம். செல்சியஸ் அளவோடு 273ஐக் கூட்டினால் கெல்வின் அளவு கிடைக்கும். 100 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீராவியைப் பெற்று, 40 பாகையில் வெளியேற்றும் இயந்திரத்தின் இரு வெப்பநிலைகள் 373, 313 கெல்வின். வேறுபாடு 60, அதை 373ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16 விழுக்காடு. எவ்வளவு திறமையான கொல்லன் செய்தாலும் அவ்வியந்திரத்தின் பயனுறு திறன் இதைத் தாண்டாது. எஞ்சிய 84 பங்கு வெப்பம் குளிர்ந்த நீரோடு போய்ச் சேரும். நீராவியை 540 பாகைக்குச் சூடாக்கினால் எல்லை 61 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பொறியாளர்கள் மேலும் மேலும் உயர்ந்த வெப்பநிலையை நாடுவதன் காரணம் இதுவே. அனல்மின் நிலையங்களில் வெண்ணிற ஆவி தவழும் பெரிய கோபுரங்கள், அந்த மிஞ்சிய வெப்பத்தை வானில் விடுவதற்காகவே நிற்கின்றன.

நடைமுறையில் கிடைப்பது இவ்வெல்லையைவிட இன்னும் குறைவு. கார்ன்வாலின் மிகச் சிறந்த இயந்திரங்கள்கூட நிலக்கரி தரவல்ல இயக்கு ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே பயன்படுத்தின என்று கார்னோ தம் நூலின் இறுதியில் மதிப்பிட்டார். ஆக, இழப்பில் இரண்டு வகை உண்டு. உராய்வு, வெப்பக் கசிவு, சூடான புகை வீணே வெளியேறுதல் போன்றவற்றால் நேர்வது ஒருவகை. முயற்சியால் இதைக் குறைத்துக்கொண்டே செல்லலாம். வெப்பம் வேலையாக மாறுவதற்கு இயற்கை கேட்கும் விலை மற்றொரு வகை. இதில் பேரம் பேச இடமில்லை. இரண்டையும் பிரித்தறியாதவரை, குறைக்கக்கூடியதை விட்டுவிட்டுக் குறைக்க முடியாததோடு போராடிக் கொண்டிருப்பார்கள்.

கார்னோவின் நேர்மை வெளிப்படும் இடம் ஒன்றும் அந்நூலின் முடிவில் உண்டு. எரிபொருள் சிக்கனம் ஒன்றே இயந்திரத்தின் தகுதியை முடிவு செய்வதில்லை என்று அவர் எழுதினார். பாதுகாப்பு, உறுதி, நீடித்த உழைப்பு, அமைப்பதற்கான செலவு, அது அடைத்துக்கொள்ளும் இடம் ஆகியவை பல வேளைகளில் அதைவிட முக்கியமானவை என்றார். எரிபொருளின் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்திவிடலாம் என்று எவரும் நம்ப வேண்டாம் என்றும் எச்சரித்தார். அவர் கற்பனை செய்த குறைபாடற்ற இயந்திரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெப்பநிலைத் தாவல் சிறிதும் இல்லாதிருக்க வேண்டுமாயின், அது எல்லையற்ற மெதுவாக இயங்க வேண்டும். அத்தகைய இயந்திரம் பூட்டிய தொடர்வண்டி நிலையத்தைவிட்டு நகரவே நகராது! வேகம் வேண்டுமெனில் இன்னும் சிறிது வெப்பத்தை இழந்தே ஆகவேண்டும்.

மறதியும் மரணமும்

பாரிசின் அறிவியல் கழகத்தில் நூல் அறிமுகம் செய்யப்பட்டது. இதழ் ஒன்றில் பாராட்டுரையும் வந்தது. அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. பொறியாளர்களுக்கு அது மிகவும் கோட்பாட்டு நோக்குடையதாகத் தோன்றியது போலும். இயற்பியலாளர்களோ இயந்திரங்களைப் பற்றிய நூலென்று ஒதுக்கிவிட்டனர். கார்னோவும் தம் நூலுக்காக எவரிடமும் சென்று பேசுபவர் அல்லர். 1827இல் படைப்பணிக்கு மீண்டும் அழைக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டே பதவி விலகினார்.

இதற்கிடையே தம் நூலின் அடிப்படை ஒன்றின்மீது அவருக்கே ஐயம் எழுந்தது. வெப்பம் என்பது அழியாத ஒரு நுண்பாய்மம் என்று அக்காலத்தில் நம்பினர். கலோரிக் என்று பெயரிடப்பட்ட அப்பாய்மம் அருவிநீரைப்போல அளவு குறையாமல் கீழிறங்குவதாகவே கார்னோவும் நூலில் கொண்டிருந்தார். பின்னர்த் தனித்தாள்களில் எழுதிவந்த குறிப்புகளில் அவர் அக்கொள்கையைக் கைவிட்டார். வெப்பம் என்பது பொருள்களின் துகள்களில் நிகழும் இயக்கமே என்றும், வேலை தோன்றும்போது அதற்கு ஈடான வெப்பம் மறைகிறது என்றும் எழுதினார். ஒரு கிலோகலோரி வெப்பம் 370 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் வேலைக்கு ஈடாகும் என்று கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த மதிப்பு 427. அக்காலத்துத் தரவுகளைக் கொண்டு இவ்வளவு நெருங்கியது அரிய செயல். அவற்றைச் சரிபார்க்கச் செய்ய வேண்டிய சோதனைகளையும் திட்டமிட்டு வைத்தார். ஆனால் எதையும் வெளியிடவில்லை.

1832ஆம் ஆண்டு பாரிசில் காலரா பரவியது. அந்நகரில் மட்டும் 18,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாயுக்களின் இயல்புகளை ஆராய்ந்து கொண்டிருந்த கார்னோ ஜூன் மாதம் செங்காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் மூளையைத் தாக்கி நினைவு தடுமாறியது. தம்பியும் நண்பர்களும் அருகிருந்து பேணினர். ஆகஸ்டில் அவரை நகருக்கு வெளியே இவ்ரி என்னுமிடத்தில் இருந்த மருத்துவ இல்லத்தில் சேர்த்தனர். அங்கே காலரா தொற்றியது. ஆகஸ்டு 24ஆம் நாள் ஒரே நாளில் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தாறு. தொற்றுக்கு அஞ்சி, வழக்கப்படி அவருடைய உடைமைகளோடு எழுத்துகளில் பெரும்பகுதியும் எரிக்கப்பட்டது. சில தாள்களே தம்பியிடம் எஞ்சின.

நூல் கிடைத்தது

கார்னோ பயின்ற அதே பள்ளியில் பயின்ற கிளாபெரான் என்னும் பொறியாளர், 1834இல் அவர் கருத்துகளை வரைபடங்களோடும் கணித வாய்பாடுகளோடும் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அது ஆங்கிலத்திலும் ஜெர்மானிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அதன் வழியாகவே தாம்சன் கார்னோவை அறிந்து, மூலநூலைத் தேடிப் பாரிசின் கடைகளில் ஏறி இறங்கினார். 1848இல், பொருளின் தன்மையைச் சாராத வெப்பநிலை அளவீட்டை அவர் முன்மொழிந்ததும் கார்னோவின் கொள்கையை அடிப்படையாகக் கொண்டுதான். அவ்வாண்டின் இறுதியில்தான் கிளாஸ்கோவின் பொறியியல் பேராசிரியர் ஒருவர் வழியாக அந்நூல் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே அதைப்பற்றி விரிவான கட்டுரை எழுதினார்.

ஆனால் தாம்சனுக்கு ஒரு குழப்பம் இருந்தது. வேலை தோன்றினால் வெப்பம் மறைகிறது என்று மான்செஸ்டரின் ஜூல் சோதனைகளால் காட்டிவந்தார். வெப்பம் குறையாமலே கீழிறங்குகிறது என்றது கார்னோவின் அச்சிட்ட நூல். இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாகும்? 1850இல் ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் முடிச்சை அவிழ்த்தார். இயந்திரம் பெற்ற வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாக மாறுகிறது. மறுபகுதி குளிர்ந்த பொருளுக்குச் செல்கிறது. கலோரிக் கொள்கையை நீக்கிவிட்டாலும் கார்னோ கண்ட எல்லை அசையவில்லை. வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குச் செல்லாது என்ற இயற்கை நியதியின்மீது அது உறுதியாக நின்றது. இதுவே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. 1865இல் கிளாசியஸ் அதை அளந்துகூற என்ட்ரோபி என்ற சொல்லைப் படைத்தார். ஆற்றல் அழிவதில்லை; ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் ஒரு பகுதி, வேலை வாங்க முடியாதபடி சுற்றுப்புறத்தில் சிதறிவிடுகிறது. நாம் வீணாகிறது என்று சொல்வது இந்தச் சிதறலைத்தான்.

மியூனிக் நகரில் பேராசிரியர் லிண்டேயின் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், நீராவி இயந்திரங்கள் எரிபொருளின் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே பயன்படுத்துவதையும் கார்னோ வகுத்த எல்லையையும் அறிந்து, இடைவெளியைக் குறைக்கும் வேட்கை கொண்டார். அவர் ருடால்ப் டீசல். அவர் முதலில் எண்ணியபடி கார்னோவின் சுழற்சியை இயந்திரமாக வடிக்க இயலவில்லை. திட்டத்தைப் பலமுறை மாற்றிக்கொண்டார். 1897இல் சோதிக்கப்பட்ட அவருடைய இயந்திரம் 26 விழுக்காடு பயனுறு திறனை எட்டியது. இன்றைய நிலக்கரி அனல்மின் நிலையங்கள் பல 35 முதல் 40 விழுக்காடு வரை எட்டுகின்றன. எரிவாயுவால் சுழலியை இயக்கி, அது விடும் சூடான புகையைக்கொண்டு நீராவி உண்டாக்கி இரண்டாம் சுழலியையும் இயக்கும் புதிய நிலையங்கள் 60 விழுக்காட்டைத் தாண்டியுள்ளன. அங்கும் எஞ்சிய பங்கு காற்றுக்கோ ஆற்றுக்கோ போகிறது.

தம்பி இப்போலித் நெடுநாள் வாழ்ந்தார். 1837இல் பிறந்த தம் மகனுக்குச் சாடி என்ற பெயரையும் சேர்த்துச் சூட்டினார். அந்த மகன் 1887இல் பிரான்சின் குடியரசுத் தலைவரானார். அண்ணனின் எஞ்சிய தாள்களைப் பாதுகாத்துவந்த இப்போலித், 1878இல் தம் எழுபத்தேழாம் வயதில் அவற்றை அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். நெருப்பின் ஆற்றல் பற்றிய நூலும் அக்குறிப்புகளோடு மீண்டும் அச்சேறியது. வெப்பம் ஓர் இயக்கமே என்பதையும், 370 என்ற எண்ணையும் உலகம் அப்போதுதான் படித்தது. ஜூலின் சோதனைகள் தொடங்கி அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.